ரத்தத்தில் அகப்படாத வைரஸ்

வளர்ப்பு நாயோடு லண்டனுக்குக் குடிபெயரவிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: உரிய சான்றுகள் இன்றிக் கொண்டுவரப்படும் நாயை பிரிட்டனில் நான்கு மாதம் வரை, அதுவும் உரிமையாளர் செலவில், தனிமைப்படுத்தி வைக்கிறார்களே; ரத்தத்தைச் சோதித்து அன்றைக்கே முடிவு சொல்லிவிட முடியாதா?

இந்தத் தனிமைப்படுத்தல் முக்கியமாக ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய்க்கு அஞ்சித்தான்; அதைப் பொறுத்தவரை முடியாது. 2004ஆம் ஆண்டு மொராக்கோவின் அகாதிரிலிருந்து ஸ்பெயின் வழியாகக் காரில் சட்டவிரோதமாக பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு மாத நாய்க்குட்டி ஒன்று, போர்தோ வட்டாரத்தில் பலரோடு விளையாடித் திரிந்துவிட்டு, ஆகஸ்டில் ரேபிஸால் இறந்தது. எல்லையைக் கடந்தபோது யாரேனும் அதன் ரத்தத்தைச் சோதித்திருந்தாலும் வைரஸ் அகப்பட்டிருக்காது.

காரணம், இந்த வைரஸ் வேறு பல கிருமிகளைப் போல ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்வதில்லை. கடித்த இடத்துத் தசையிலேயே அது நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ சத்தமில்லாமல் தங்கிவிடும். பிறகு, தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில் நரம்பு முனைக்குள் நுழைகிறது. நரம்பு செல்லின் நீண்ட இழைக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம் போல நீண்டு கிடக்கின்றன. இழையின் நுனியிலிருந்து செல்லின் மையத்துக்குச் சரக்கு கொண்டுபோவதற்காக, டைனீன் என்னும் புரதம் அவற்றின்மீது அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுமைகூலியின் தோளில்தான் வைரஸ் ஓசியில் ஏறிக்கொள்கிறது. நாளொன்றுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகர்ந்து, தண்டுவடத்தை அடைந்து, மூளைக்குப் போய்ப் பெருகி, அங்கிருந்து மீண்டும் நரம்புகள் வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. மூளையைக் கலக்கி நாயைக் கடிக்கத் தூண்டுவதும், அதே வேளையில் எச்சிலை வைரஸால் நிரப்புவதும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நோய் அரும்பும் இக்காலம் நாய்களில் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வாரம். சிலவற்றில் ஆறு மாதம்கூட ஆகலாம். மந்திரித்துக் கயிறு கட்டுவோரின் பிழைப்பும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது: கடித்த நாய்களில் பலவற்றுக்கு நோயே இருப்பதில்லை, இருந்தாலும் கடிபட்டவரிடம் அறிகுறி தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம், அதற்குள் மந்திரம் பலித்துவிட்டதாக ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கு பிரிட்டன் ரத்தப் பரிசோதனை கேட்கத்தான் செய்கிறது. அது தேடுவது வைரஸை அன்று, தடுப்பூசி வேலை செய்ததா என்பதை. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து எடுத்த ரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அதன்பின் மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே கடிபட்டுத் தொற்றிய நாயாக இருந்தால், இந்தக் காத்திருப்பில் நோய் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

நோய் உறுதியாகத் தெரிய மூளைத் திசுவைத்தான் பார்க்க வேண்டும், அதாவது நாய் இறந்த பிறகே. உயிரோடு இருக்கும் நாய்க்குக் காலம்தான் பரிசோதனை, அதுவும் பிழையற்றது அன்று: 1969ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பர்லியில், ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதத் தனிமைப்படுத்தலையும் முறைப்படி முடித்து வெளியே வந்த நாய் ஒன்று, சில நாட்களிலேயே வெறிபிடித்து இருவரைக் கடித்தது.