ஆளுகை: அரசாங்கமே இல்லாத இடத்துக்கும் பொருந்தும் சொல்

‘கவர்னன்ஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் ‘ஆட்சி’ என்பார்கள், கொஞ்சம் யோசித்தவர்கள் ‘நிர்வாகம்’ என்பார்கள். இரண்டுமே அரைகுறை. தென் துருவத்து அந்தாட்டிக்காவில் அரசாங்கமே கிடையாது, அங்கே யாருடைய ஆட்சி என்று கேட்டால் பதிலும் கிடையாது. ஆனால் அங்கே போகிறவர்கள் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் பல நாடுகள் கூடிப் பேசி முடிவெடுத்து எழுதி வைத்த விடயங்கள். அந்த முடிவெடுக்கும் ஏற்பாடு முழுவதற்கும் பெயர்தான் கவர்னன்ஸ். தமிழில் ஆளுகை.

வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘கிபெர்னான்’ என்றால் கப்பலைச் சுக்கான் பிடித்துச் செலுத்துவது. அது லத்தீனில் ‘குபெர்னாரே’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. (சைபர் குற்றம் என்கிறோமே, அந்தச் சைபரும் இதே வேரில் முளைத்ததுதான்.) கப்பல் யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி, யார் எப்படிச் செலுத்துகிறார்கள் என்பதுதான் இந்தச் சொல்லின் அக்கறை.

தமிழில் ஆட்சி, ஆளுகை இரண்டும் ‘ஆள்’ என்ற வினையில் பிறந்தவை. ஆனால் ஆட்சி என்பது இன்று கதிரையில் இருப்பவர்களைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ‘ஆட்சி மாறியது’ என்கிறோம், ‘ஆளுகை மாறியது’ என்று யாரும் சொல்வதில்லை. இலங்கையில் 2015இல் ‘நல்லாட்சி’ என்ற பெயரில் ஓர் அரசாங்கம் வந்தபோது அந்தச் சொல் ஒரு கூட்டணியின் பட்டப்பெயராகி, அவர்கள் போனதும் கேலிச்சொல்லாகிவிட்டது. ஆளுகையில் இருக்கும் ‘கை’, வருகை, செய்கை என்பவற்றில் வருகிற அதே விகுதி, செயலைக் காட்டுவது. தமிழ்நாட்டில் ‘மின் ஆளுமை’ என்று எழுதுகிறார்கள், ஆளுமை என்றால் ஒருவருடைய குணத்தோற்றம் என்றும் பொருள் வருவதால் எனக்கு அது ஒட்டவில்லை. நம் நாட்டு வங்கி அறிக்கைகளில் வரும் ‘கூட்டாண்மை ஆளுகை’யே தேவலை.

நிர்வாகம் ஏன் பொருந்தாது என்பதை மலையகத்தாருக்கு விளக்கவே தேவையில்லை. இங்கே தேயிலைத் தோட்டங்களில் நிர்வாகம் என்றால் துரை, சின்னத்துரை, தோட்டத்து ஒபீஸ். லயத்துக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு) போகும் பாதை மழைக்கு இடிந்து விழுந்தால் பிரதேச சபையில் ‘அது தோட்டத்துக்குள்ளே, நிர்வாகத்தைக் கேளுங்கள்’ என்பார்கள், நிர்வாகத்திடம் போனால் ‘சபைக்குத்தானே ஓட்டுப் போட்டீர்கள்’ என்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பகுதியில் சபை செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அத்தனை காலமும் அரசாங்கம் இருந்தது, நிர்வாகமும் இருந்தது. இல்லாமல் போனது ஆளுகை.

துருவங்களில் கதை தலைகீழ். 1959இல் 12 நாடுகள் அந்தாட்டிக் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஏழு நாடுகள் ஏற்கெனவே அங்கே நிலம் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தன, அந்த வழக்கைத் தீர்க்காமல் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு, ஆராய்ச்சி நடக்கட்டும், இராணுவம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1991இல் மட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் சுரங்கம் தோண்டவும் தடை போட்டது.

ஆட்டிக் (வட துருவப் பகுதி, இந்தியப் பத்திரிகைகளில் ஆர்க்டிக்) வேறு மாதிரி. அங்கே மக்கள் இருக்கிறார்கள், எட்டு நாடுகளின் நிலமும் இருக்கிறது. 1996இல் ஒட்டாவாவில் தொடங்கிய ஆட்டிக் பேரவையில் அந்த எட்டு நாடுகளோடு இனுயிட், சாமி உட்பட ஆறு பூர்வகுடி அமைப்புகளும் நிரந்தரப் பங்காளிகளாக உட்காருகின்றன. முடிவெடுப்பது நாடுகள் மட்டும்தான், ஆனால் பூர்வகுடிகளைக் கலந்து பேசாமல் முடிவெடுக்கக்கூடாது என்பது விதி. இராணுவ விவகாரம் பேசுவதில்லை என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்தார்கள். அப்படியிருந்தும் 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யா தவிர்ந்த ஏழு நாடுகளும் கூட்டங்களை நிறுத்திவைத்தன.

1979க்குப் பிறகு ஆட்டிக் உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. பனிக்கட்டி விலக விலகக் கப்பலும் வரும், வலையும் வரும். அதனால் 2018இல் கனடா, ரஷ்யா, அமெரிக்கா, சீனா உட்படப் பத்துத் தரப்புகள் சேர்ந்து, நடு ஆட்டிக் கடலில் 16 வருடங்களுக்கு வணிக மீன்பிடி வேண்டாம் என்று கையெழுத்திட்டன. அங்கே மீன்பிடி இன்னும் தொடங்கவேயில்லை, அதற்குள் தடை! 2021இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆளுகை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது ‘நிலைபேறான அபிவிருத்தி’, தமிழ்நாட்டில் ‘நிலையான வளர்ச்சி’. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகமில்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்ற விளக்கம் 1987இல், நோர்வேயின் அன்றைய பிரதமர் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணைக்குழு சொன்னது. அதே நோர்வேயில், துருவ வட்டத்துக்குத் தெற்கே உள்ள ஃபோசனில், சாமி மக்கள் கலைமான் மேய்க்கும் நிலத்தில் காற்றாலைகளை நிறுவினார்கள். பசுமை மின்சாரம்தான், யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்த அனுமதி சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று 2021இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காற்றாலைகள் இன்னும் சுழல்கின்றன, மேய்ப்பர்களோடு உடன்பாடு 2023இலும் 2024இலும்தான் ஏற்பட்டது. அபிவிருத்தி என்று எழுதும்போது யாரைக் கேட்டு என்ற கேள்வியும் கூட வரும், அதற்குப் பதில் சொல்வது ஆளுகையின் வேலை.

ஆகவே ‘போலர் கவர்னன்ஸ்’ என்று வந்தால் ‘துருவ ஆளுகை’ என்றே எழுதலாம். ‘துருவ ஆட்சி’ என்று எழுதினால் வாசிப்பவர் அங்கே எந்தக் கட்சி என்று கேட்பார்.