அமீத்: டீனும் இல்லை, பிதாமகரும் இல்லை

எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைனை (1889-1973) 'அரபு இலக்கியத்தின் டீன்' என்று தமிழில் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நமக்கு டீன் என்றால் அரசு மருத்துவமனையில் வார்டு வார்டாகச் சுற்றி வருகிறவர். இலக்கியத்துக்கு ஏது டீன்?

அரபி மூலச் சொல் 'அமீத்'. அமூத் என்றால் தூண். குர்ஆனின் 89ஆம் அத்தியாயத்தில் 'தாத்தில் இமாத்' (தூண்களை உடைய) என்று வருவதும் இதே வேர்தான். நாலு பேர் சாய்ந்துகொள்ளத் தாங்கி நிற்பவர் அமீத், அதாவது தலைவர். இன்றைய அரபியில் ராணுவ பிரிகேடியரும் அமீத், கல்லூரிப் புலத்தின் தலைவரும் அமீத். டீனோ, பத்துப் பேருக்குத் தலைவன் என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒட்டுமில்லை, உறவுமில்லை.

டீன் பிடிக்காத சிலர் 'பிதாமகர்' என்கிறார்கள். இது இன்னும் மோசம். பிதாமகர் என்றதும், சபையில் அநியாயம் நடக்கும்போது வாய்மூடி உட்கார்ந்திருந்த பீஷ்மர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். தாஹா ஹுசைன் எப்போது வாய்மூடி இருந்தார்? இஸ்லாத்துக்கு முந்தைய கவிதைகள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பின்னால் புனையப்பட்டவை என்று 1926இல் எழுதி, வழக்கு விசாரணை வரை போனவர். கலைப்புலத்தின் அமீத்தாக இருந்தபோது அரசியல்வாதிகளுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மறுத்தார். 1932இல் எகிப்தியப் பிரதமர் சித்கியின் அரசு அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. அப்புறம், பிதாமகர் என்றால் தொடங்கி வைத்தவர் என்ற வாடையும் அடிக்கிறது. அரபு இலக்கியத்தைத் தொடங்கி வைத்தவரா தாஹா ஹுசைன்? அவர் 1914இல் முனைவர் பட்டம் வாங்கியதே, 1057இல் இறந்துபோன அல்-மஅர்ரி என்ற கவிஞரைப் பற்றி எழுதித்தான். இருவருக்குமே சிறு வயதில் பார்வை போய்விட்டது என்பது வேறு விஷயம்.

சரி, என்னதான் சொல்வது? 'முதல்வர்'. அரபியில் அமீத் என்ற பட்டத்தில் கல்லூரிப் பதவியும் கேட்கிறது, தலைமையும் கேட்கிறது. பதவி போன பிறகும் பெயர் நிலைத்ததன் சுவையே அதில்தான் இருக்கிறது. முதல்வரிலும் அப்படியே: கல்லூரி முதல்வர், புலமுதல்வர், முதல்வன். 'அரபு இலக்கிய முதல்வர்' என்றால் யாரும் கோட்டையைத் தேடிப் போய்விட மாட்டார்கள்.

அரபிச் சொல்லை ஆங்கிலத்தில் பார்த்து, அந்த ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கிவைப்பதற்குப் பெயர் மொழிபெயர்ப்பாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபி தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?