எம்.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் ஆறு கணினிகளை ஒரே பெட்டியில் செருகாதீர்கள்

கடந்த சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு வந்த தொலைபேசி அழைப்பு, இதே காரணத்துக்காக இந்த ஆண்டில் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு. கோவைப் புறநகரில் ஒரு வீடு. மாடி ஹாலில் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் தத்தம் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, லேன் கேபிளில் இணைத்து, விடிய விடிய கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுவதாக ஏற்பாடு. ஒன்பது மணியிலிருந்தே கருவாடு வறுக்கும் வாடை வந்துகொண்டிருந்ததாகவும், பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் அந்த வீட்டு அம்மா சொன்னார். ஸ்விட்ச், பிளக் ஆகியவற்றில் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் அப்படித்தான் நாறும். மீன் சமைக்காத வீட்டில் மீன் வாடை வந்தால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது என் கடை மேசையில் இருக்கிறது. நான்கு துளைத் தொகுதிகளில் மூன்றாவது மட்டும் பழுப்பேறி, ஓரம் உருகி, உள்ளே செருகியிருந்த பிளக்கின் ஒரு பித்தளை முள்ளைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது. வயர் சுற்றிவைக்கப்பட்டிருந்த இடத்தில், மேலுறை இளகி ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டியிருக்கிறது. அதன் மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

நடந்தது இதுதான். ஏ.சி.யின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயர் முனையில் 16 ஆம்பியர் பிளக் டாப்பை மாட்டி, ஏ.சி. பாயின்டில் செருகியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் இரண்டு கணினிகள்; அதே பெட்டியின் மூன்றாவது துளையில் இன்னொரு பெட்டி, அதில் மீதி நான்கு கணினிகள். நான் போய் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, ஏற்பாடு செய்த மாணவர் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். "எம்.சி.பி. ட்ரிப்பே ஆகலீங்ணா, அப்ப லோடு சரியாத்தானே இருந்திருக்கணும்?" என்றார் அவர். எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து (ட்ரிப் ஆகி) மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்.

இந்தக் கேள்வியை என்னிடம் மாணவர்கள் மட்டும் கேட்பதில்லை. அவர்களுடைய பெற்றோர்கள் கேட்கிறார்கள், பொறியியல் படித்தவர்கள் கேட்கிறார்கள், கேமிங் சென்டர் வைக்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். ஆகவே இதை ஒரு முறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். எம்.சி.பி. என்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்காக வைக்கப்படுவது. அந்த வீட்டின் ஏ.சி. பாயின்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்து, அதற்கேற்ப 20 ஆம்பியர் எம்.சி.பி. வைத்திருந்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பாயின்டில் நீங்கள் கொண்டுவந்து செருகும் பெட்டியின் வயர் முக்கால் சதுர மில்லிமீட்டர்தான் என்பதோ, அதன் துளைகள் 6 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை என்பதோ வீட்டின் எம்.சி.பி.கள் எல்லாம் அடங்கிய டி.பி. பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கருவிக்குத் தெரிய வழியே இல்லை. தரநிலைப்படி, 20 ஆம்பியர் எம்.சி.பி. வழியாக 22 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழ வேண்டிய கட்டாயம் இல்லை. 29 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். கண நேரத்தில் விழுவதெல்லாம் ஷார்ட் சர்க்யூட் ஆகும்போதுதான். சி வகை எம்.சி.பி. என்றால் அதற்குக் குறித்த அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு மின்னோட்டம் பாய வேண்டும். உங்கள் 6 ஆம்பியர் துளையில் 8 ஆம்பியர் ஓடி அது வெந்துகொண்டிருக்கும்போது, 20 ஆம்பியர் எம்.சி.பி. தன் வேலையைச் சரியாகச் செய்தபடி சும்மா இருக்கும். இதைவிட மோசமானது, துளைக்குள் பிளக் தளர்வாக உட்கார்ந்திருப்பது. அப்போது மின்னோட்டத்தின் அளவு மாறுவதில்லை. தொடர்பு சரியாக இல்லாத அந்த ஓர் இடம் மட்டும் சூடேறி, சூட்டினால் உள்ளிருக்கும் தகடு மேலும் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடேறுகிறது. இதை எம்.சி.பி.யும் காணாது, மின்கசிவைக் கண்டால் விழும் ஆர்.சி.சி.பி.யும் காணாது, மூக்கு மட்டும்தான் காணும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சென்ற முறை நண்பர்கள் வந்தபோது ட்ரிப் ஆனது என்பதற்காக, 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடாதீர்கள். காசுக்காக அதைச் செய்துதரும் எலக்ட்ரீஷியனையும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது சுவருக்குள் இருக்கும் வயரையே எரிய விடுவதற்கான ஏற்பாடு.

கணக்கு கடினமானதன்று. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியும் அதன் மானிட்டரும் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது சேர்ந்து 400 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருடையது 250-இல் நிற்கும். 4090 போன்ற கார்டு தனியாகவே 450 வாட் வரை எடுக்கும். ஆறு கணினிகளுக்கு 2400 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் பத்தரை ஆம்பியர். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித்தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்., விலை மலிந்ததாக இருந்தால் அதில் பவர் ஃபேக்டர் திருத்தம் இருக்காது என்பதால், அதே வாட்டுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே நான் கொடுக்கும் அளவு, ஒரு 6 ஆம்பியர் பாயின்டுக்கு இரண்டு கணினிகள், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான். நீரைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகள் இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஜமுக்காளத்துக்கு அடியில் வைக்க எந்த வீட்டிலும் சம்மதிக்கமாட்டார்கள். அந்த ஆறு கணினிகளும் இழுத்தது அவ்வளவு மின்சாரம்தான். அவ்வளவும் கடைசியில் வெப்பமாக அந்த அறைக்குள்தான் வந்து சேர்கிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 3500 வாட் என்னும்போது, ஏ.சி.யின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே கணினிகளைச் செருகியது எவ்வளவு தவறு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

"வெவ்வேறு பாயின்டில்தானே போட்டோம்" என்பது அடுத்த பதில். ஓர் அறையின் நான்கு சுவர்களில் நான்கு பாயின்ட் இருந்தாலும், பெரும்பாலான வீடுகளில் அவை அனைத்தும் ஒரே சர்க்யூட்டில், ஒரே எம்.சி.பி.யின் கீழ்தான் இருக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது: பகலில் டி.பி. பெட்டியில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, எந்தப் பாயின்ட் எதனோடு போகிறது என்று ஒரு மொபைல் சார்ஜரை வைத்துப் பார்த்து, காகிதத்தில் குறித்து, பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். இளைஞர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எட்டு போர்ட் உள்ள நெட்வொர்க் சுவிட்சில் ஒன்று ரவுட்டருக்குப் போனால் ஏழு பேருக்குத்தான் இடம் என்பதை அவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே கணக்கிட்டுவிடுகிறார்கள். முந்தைய நாளே எல்லாரும் விளையாட்டைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும் என்று செய்தி அனுப்புகிறார்கள். கேபிள் நீளத்தை அளந்து வாங்குகிறார்கள். அந்த அக்கறையில் பாதியையாவது பிளக் பாயின்டின் மேல் வைக்கக் கூடாதா?

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிப் பகுதி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் கேபினட்டுக்குக் கசியும். அது பழுதன்று, அமைப்பே அப்படி. அந்தக் கசிவை எர்த் வயர் எடுத்துக்கொண்டு போய்விடும். பெட்டியில் எர்த் அறுந்திருந்தாலோ, மூன்று முள் பிளக்கை இரண்டு முள் துளையில் செருகும் மாற்றியைப் போட்டிருந்தாலோ, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். வீட்டில் ஒற்றைக் கணினியாக இருக்கும்வரை அது அதோடு போகிறது. ஆனால் எர்த் இல்லாத ஒரே பெட்டியில் ஆறு கணினிகளைச் செருகினால், எர்த் பட்டை வழியாக அந்த ஆறு கேபினட்டுகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஆறின் கசிவும் சேர்ந்து, எந்தக் கேபினட்டை யார் தொட்டாலும் அவர் உடல் வழியாக இறங்கும். அவற்றில் ஒன்றின் உள்ளே உண்மையாகவே பேஸ் வயர் உரசிக்கொண்டிருந்தால், ஆறு கேபினட்டிலும் 230 வோல்ட். வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் உட்கார்ந்து ஆடும் பிள்ளைகள் இவர்கள். தயவுசெய்து அந்த இரண்டு முள் மாற்றிகளை வீட்டைவிட்டு எறிந்துவிடுங்கள்.

எர்த் சரியாக இருக்கும் வீட்டில் வேறொன்று நடக்கும். பத்துப் பன்னிரண்டு கணினிகளின் கசிவு சேரும்போது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுவதுபோலத் தோன்றும். 15-ஐத் தாண்டிவிட்டாலே அது விழலாம். உடனே யாராவது ஒருவர் அதை பைபாஸ் செய்துவிடலாம் என்று யோசனை சொல்வார். செய்யாதீர்கள். கணினிகளை இரண்டு ஆர்.சி.சி.பி.களுக்குப் பிரித்துப் போடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். உயிரைக் காக்க அந்த வீட்டில் இருப்பது அந்தக் கருவி ஒன்றுதான்.

இன்வெர்ட்டர் லைனில் கணினிகளைப் போடாதீர்கள், 850 வி.ஏ. இன்வெர்ட்டர் இரண்டு கேமிங் கணினிகளுக்கே திணறும். மின்சாரம் போனால் எல்லாக் கணினிகளின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, வந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்; எல்லாம் ஒரே நொடியில் உயிர்பெற்றால் இழுக்கும் முதல் மின்னோட்டம் பல மடங்கு இருக்கும். வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தால் அதைத் திறந்த வெளியில், ஜன்னலைவிட்டு விலகி வையுங்கள். மூடிய பால்கனியில் வைத்தால் அதன் புகை ஆளைக் கொல்லும். பெட்டி வாங்கும்போது வயரின் தடிமனைக் கேட்டு வாங்குங்கள், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் நல்லது. வயர் முழுவதையும் விரித்துப் போடுங்கள், விரிப்புக்கு அடியில் போடாதீர்கள், பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி எடுக்கவே எடுக்காதீர்கள். தேநீரும் தண்ணீர் பாட்டிலும் பெட்டிக்கு மேலே உள்ள மேசையில் வேண்டாம். தீப்பொறி கண்டால் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், 101-ஐ அழையுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வீட்டில் கூடி ஆடுவதைத் தடுக்காதீர்கள். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் கழித்து, சிற்றுண்டி கொடுக்கும் சாக்கில் ஒரு முறை மேலே போய், ஒவ்வொரு பிளக் டாப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கணினியை வேறு அறையின் சர்க்யூட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், ஆட்டம் பாதியில் இருந்தாலும் சரி, யார் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்தப் பாயின்டின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.