வண்டைக் கொன்றுவிட்டு, களை சாகவில்லை என்கிறீர்கள்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வரப்பு முழுக்கப் பார்த்தீனியம். கூடவே ஒரு குரல் பதிவு: “மேடம், பெவேரியா மூணு தடவை அடிச்சிட்டேன். ஒரு செடிகூடச் சாகல. இந்த உயிரி மருந்தெல்லாம் சும்மா.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி இலைகள் அரிபட்டிருந்தன. ஒரு காம்பில் வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல ஒரு வண்டு செத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்காகச் சம்பளம் வாங்காமல் களையெடுத்துக்கொண்டிருந்த வண்டு அது. அதைத்தான் காசு செலவழித்துக் கொன்றிருக்கிறார்.

இந்தப் பருவத்தில் இதே மாதிரி எனக்கு வரும் நான்காவது புகார் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெவேரியா, பூச்சிக்கு நோய் தரும் பூஞ்சாணம். மெட்டாரைசியமும் அப்படித்தான். டிரைக்கோடெர்மா, வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சாணங்களை அடக்கும் பூஞ்சாணம். சூடோமோனாஸ் பூஞ்சாணமே கிடையாது, அது பாக்டீரியா. நாம் வாங்குவது பயிர்நோய்க்காக. இவற்றில் ஒன்றும் களைக்கொல்லி இல்லை. பாக்கெட்டில் ‘உயிரி’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதற்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எதைக் கொல்லும், எதை விட்டுவிடும் என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். படிப்பதில்லை. “பூஞ்சாணம்தானே மேடம், எதுவா இருந்தா என்ன?” என்று என்னிடமே கேட்கிறார்கள்.

சரி, எதுவாக இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் காண்ட்ரில்லா என்றொரு களை. அதை அடக்க 1971இல் ஐரோப்பாவிலிருந்து ஒரு துருநோய்ப் பூஞ்சாணத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் களையில் அங்கே மூன்று வகை உண்டு: குறுகிய இலை, நடுத்தர இலை, அகன்ற இலை. அதிகமாகப் பரவியிருந்தது குறுகிய இலை வகை. துரு அதைப் பிடித்து உலுக்கிவிட்டது. மற்ற இரண்டு வகைகளையும் அது தொடவில்லை. காலியான இடத்தில் அவை பரவத் தொடங்கின. மூன்றும் ஒரே இனம், கவனியுங்கள். ஒரே களை இனத்துக்குள்ளேயே இப்படி ஆள் பார்த்து அடிக்கிற பூஞ்சாணம் இருக்கும்போது, பூச்சிக்கு என்று வாங்கியது களையைக் கொல்லும் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

களைக்கென்றே விற்பனைக்கு வந்த பூஞ்சாணங்களும் உண்டு. 1982இல் அமெரிக்காவில் ‘கொலிகோ’ பதிவானது. நெல்லிலும் சோயாவிலும் வரும் ஒரேயொரு பயறுக் குடும்பக் களைக்கு மட்டும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘டிவைன்’, எலுமிச்சை இனத் தோட்டங்களில் மரத்தைச் சுற்றி நெரிக்கும் ஒரு கொடிக்கு. (அதிலிருந்த பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரை இன்றைய வகைப்பாட்டில் பூஞ்சாணம் என்றே சொல்வதில்லை. இது களையை உயிரிகளால் அடக்கும் எங்கள் துறை ஆட்கள் தேநீர் இடைவேளையில் அடித்துக்கொள்ளும் விஷயம், உங்களுக்கு வேண்டாம்.) டிவைனை ஒருமுறை அடித்தால் அடுத்த ஆண்டும் மண்ணிலிருந்து வேலை செய்தது. விவசாயிக்கு நல்லது, மறுபடி வாங்க ஆள் இல்லாததால் விற்றவருக்கு நல்லதில்லை.

அப்புறம், நேர் எதிரான ஒரு பயம். “களை தீர்ந்துட்டா வண்டு பயிரைத் தின்னாதா?” பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகன் வண்டு 1984இல் இந்தியாவில் விடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துச் சூரியகாந்தி இலையைக் கடிக்கிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. ஆராய்ந்தபோது, சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்த பார்த்தீனிய மகரந்தம்தான் கடிக்கத் தூண்டியது என்று தெரிந்தது. பக்கத்தில் பார்த்தீனியத்தைப் பூக்கவிட்டது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆனால் பயமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சி, கோடிக்கணக்கான ஏக்கரை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியைச் சில ஆண்டுகளில் சாய்த்தது. எங்கள் துறை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. அதே அந்துப்பூச்சி கரீபியன் தீவுகளில் விடப்பட்டு, 1989இல் புளோரிடாவில் காணப்பட்டது. அங்கே அது தின்பது அந்த மண்ணுக்கே உரிய கள்ளிகளை. எனவே வெளிநாட்டிலிருந்து பூச்சியோ நோய்பிடித்த இலையோ பையில் வைத்துக் கொண்டுவராதீர்கள். எந்தச் செடியையெல்லாம் தின்னும் என்று தனிமைக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகுதான் ஒன்றை வெளியே விட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

உங்கள் வயலுக்கு வருவோம். வெண்மையான முதுகில் கரும்பழுப்பு நிற நீளக் கோடுகள் உள்ள அந்த மெக்சிகன் வண்டு பார்த்தீனியத்தில் இருந்தால், அந்த வரப்பில் பூச்சிமருந்தும் வேண்டாம், பெவேரியாவும் வேண்டாம். உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டை ஒடுக்க பெவேரியாவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த வண்டு அதற்கு நெருங்கிய உறவு, தப்பிக்க வழியில்லை. வறண்ட மாதங்களில் இது மண்ணுக்குள் புகுந்து கிடக்கும், மழை பெய்தால் மேலே வரும். வந்து பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் முதல் மழைக்கு முளைத்த செடிகள் பூத்துவிடும். இது வண்டின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த முதல் தலைமுறையைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். தோல் அரிப்பு வரும் என்று தெரிந்தும் வெறுங்கையோடு பிடுங்குகிறவர்களை என்ன சொல்ல! ஆனால் வரப்பைச் சுத்தமாக வழித்துவிடாதீர்கள். பின்னால் முளைப்பதை வண்டுக்கு விட்டுவிடுங்கள்.

களைக்கென்றே பதிவான பூஞ்சாணம் என்றாவது உங்கள் கைக்கு வந்தால், சாயங்காலம் அடியுங்கள். பூஞ்சாண வித்து முளைத்து இலைக்குள் புக, பல மணிநேரம் இலை ஈரமாக இருக்க வேண்டும். மதிய வெயிலில் அடித்தால் காய்ந்து வீணாகும். நேற்றுப் பூஞ்சாணக்கொல்லி கலக்கிய டேங்கைக் கழுவாமல் ஊற்றாதீர்கள். பாக்கெட்டை வண்டியின் சீட்டுக்கடியில் வேகவைக்காதீர்கள். மூன்றாம் நாள் கருகவில்லை என்று எனக்குப் போன் செய்யாதீர்கள். நோய் பிடித்துப் பரவ நாள் ஆகும்.

படம் அனுப்பியவரிடம் மீதி இரண்டு பாக்கெட் பெவேரியா இருந்தது. அது எந்தப் பூச்சிக்கு என்று லேபிளைப் படித்து, அந்தப் பூச்சி பயிரில் வந்தால் மட்டும் அடியுங்கள், வரப்புப் பக்கம் போகாதீர்கள் என்றேன். “அப்ப அந்த வண்டுங்க, மேடம்?” என்றார். மண்ணுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அடுத்த மழைக்குப் பிறகு இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.