சைக்கோஜீரியாட்ரிக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

முதியோரின் மனநலம் பற்றிய ஆய்வுகளுக்குத் தரப்படும் பன்னாட்டு விருதுகளின் பெயரில் அடிக்கடி வரும் சொல் இது. 1982இல் உருவான இன்டர்நேஷனல் சைக்கோஜீரியாட்ரிக் அசோசியேஷன் தன் பெயரிலும், தான் வழங்கிவந்த ஆய்வு விருதுகளின் பெயரிலும் இதையே வைத்தது.

சொல்லைப் பிரித்தால் மூன்று கிரேக்கச் சொற்கள் கிடைக்கும்: ப்சூகே (உயிர், உள்ளம்), கேரஸ் (மூப்பு), இயாட்ரோஸ் (மருத்துவர்). மூன்றும் ஒரே நாளில் சேரவில்லை. உள்ளத்தையும் மருத்துவரையும் இணைத்து 1808இல் ‘சைக்கியாட்ரி’க்கு வித்திட்டவர் ஜெர்மன் மருத்துவர் யோகான் கிறிஸ்டியன் ரைல். குழந்தை மருத்துவத்துக்கு ‘பீடியாட்ரிக்ஸ்’ இருப்பதுபோல் மூப்புக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று 1909இல் ‘ஜீரியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லை முன்வைத்தவர் நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் இக்னட்ஸ் நாஷர். ‘ஜெரன்டாலஜி’ வேறு, அது உயிரியலாளர் மெச்னிக்கோவ் 1903இல் தந்த சொல். அதன் வேர் கெரோன், அதாவது முதியவர். அது மூப்பை ஆராயும் இயல். மருத்துவம் அதன் ஒரு பகுதிதான்.

தமிழில் பிழை நேர்வது இங்கேதான். ‘முதியோர் உளவியல்’ என்று எழுதிவிடுகிறார்கள். உளவியல் என்பது சைக்காலஜி. அந்தப் பெயரில் ‘இயாட்ரோஸ்’ காணாமல் போகிறது. மருந்து எழுதித் தருபவர், ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பவர் யாரும் அதில் இல்லை. ‘முதியோர் மனநல மருத்துவம்’ என்பதே பொருத்தம். தமிழ்நாட்டில் மனநலம் என்பதை இலங்கையில் உளநலம் என்பார்கள். அங்கே ‘முதியோர் உளமருத்துவம்’ இயல்பாக ஒலிக்கும். இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

விருதின் பெயரை எழுதும்போது சொல் வரிசை முக்கியம். ‘மூத்தோர் ஆய்வு விருது’ என்றால் வயதில் மூத்த ஆய்வாளருக்குத் தரும் விருது என்றே படிப்பவர் நினைப்பார். ‘முதியோர் மனநல மருத்துவ ஆய்வு விருது’ என்று எழுத வேண்டும். இளையவருக்கானது என்றால் ‘முதியோர் மனநல மருத்துவ ஆய்வு: இளம் ஆய்வாளர் விருது’ என்று பிரித்துவிடுவதே நல்லது. நீளம்தான், ஆனால் ‘முதியோர்’, ‘இளம்’ இரண்டும் மோதிக்கொள்ளாது.

இவ்விருதுகள் தேடும் ஆய்வுகள் பெரும்பாலும் டிமென்ஷியா (அறிதிறன் மெல்லக் குறையும் நோய்), முதுமைக்கால மனச்சோர்வு, டெலிரியம் (திடீரென வரும் தெளிவின்மை), பராமரிப்போரின் சுமை ஆகியவற்றைச் சுற்றியே இருக்கும். 1998இல் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு முறையீடு: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வாழ்ந்த வளரும் நாடுகளில் அப்போது நடந்தது மொத்த ஆய்வில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் கள ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு.

டெலிரியத்தையும் டிமென்ஷியாவையும் ‘மனக்குழப்பம்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது ஆபத்து. டெலிரியம் என்ற லத்தீன் சொல்லுக்கு ஏர் உழும் தடத்தை விட்டு விலகுவது என்று பொருள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மாலை மகனை அடையாளம் தெரியாமல் பார்க்கிறார், இரவில் குழப்பம் கூடுகிறது, காலையில் சற்றுத் தெளிகிறது: இது டெலிரியம். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் இருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய வழக்கில் ‘சன்னி’ என்பது இதற்கு நெருங்கிய சொல். டிமென்ஷியா மாதங்கள், ஆண்டுகள் என்று மெல்ல வளர்வது.

டிமென்ஷியாவை ‘முதுமை மறதி’ என்பதையும் தவிர்க்கலாம். வயதானால் வருவதுதானே என்று வீட்டார் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஜப்பான் 2004இல், மடமை என்ற நிழல் படிந்திருந்த ‘சிஹோ’ என்ற பழைய பெயரைக் கைவிட்டு ‘நின்சிஷோ’ என்று மாற்றியது. அறிதல் தொடர்பான நோய்நிலை என்பது அதன் பொருள். தமிழில் இப்போது பரவியிருக்கும் ‘மறதிநோய்’ என்பதில் நோய் என்ற சொல்லாவது இருக்கிறது. ஆனால் சிலருக்குத் தொடக்கத்தில் மாறுவது நினைவு அல்ல, பேச்சும் குணமும். அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அறிதிறன் இழப்பு நோய்’ என்று எழுதலாம்.