நெஞ்சுக்கறியில் ஓடும் வெள்ளைக் கோடு

“பிராய்லர் நெஞ்சுக்கறியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுகிறதே, ஊசி போட்ட தழும்பா?” என்று ஒரு வாசகர் படத்தோடு கேட்டிருக்கிறார். தழும்பு இல்லை. கொழுப்பும் நார்த்திசுவும்தான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நூல் கனத்தில் இருக்கும் அந்தக் கோடுகள் கறியின் நார் ஓடும் திசையிலேயே ஓடுகின்றன. விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில், தசைக்குள் கொழுப்பு வழக்கமாக எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். கோழி தின்னும் மக்காச்சோளத்தின் மாவுச்சத்து பெரும்பாலும் ஈரலில்தான் கொழுப்பாகிறது. ஈரல் அதைப் புரத உறை போர்த்திய நுண்துளிகளாக ரத்தத்தில் அனுப்பிவிடும். தசைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு சிக்கல். அந்தத் துளியால் தந்துகி எனும் நுண்ணிய ரத்தக்குழாயின் சுவரைத் தாண்ட முடியாது. சுவரின் உள்பக்கம் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. போகிற துளியைப் பிடித்து நிறுத்தி, உள்ளிருக்கும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாக வெட்டிப் போடுகிறது. அமிலங்கள் சுவரைத் தாண்டி வெளியேற, நார்க்கட்டுகளுக்கு நடுவே இருக்கும் இளம் கொழுப்புச் செல்கள் அவற்றை வாங்கி மறுபடி ட்ரைகிளிசரைடாகவே கோத்து வைத்துக்கொள்கின்றன. ஒரு மெல்லிய சுவரைக் கடக்க, கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டுகிறது உடம்பு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இந்தச் சேமிப்பு நிதானமாக நடப்பது. வயிற்றுக்கொழுப்பும் தோலடிக் கொழுப்பும் முந்திக்கொள்ளும்; தசைக்குள் வருவது பிந்தித்தான். கால்வரை இறகு மூடிய சீனாவின் பெய்ஜிங்-யூ கோழி மெதுவாக வளர்வது. அதன் கறி ருசிக்கு இந்தத் தசைக்கொழுப்பும் ஒரு காரணம். சுமார் 40 நாளில் கடைக்கு வந்துவிடும் பிராய்லருக்கு அந்த வயதே வாய்ப்பதில்லை.

அப்படியானால் வெள்ளைக் கோடு? அது சேமிப்பு அல்ல, ஒட்டுப்போட்ட இடம். குஞ்சு பொரிக்கும்போதே தசைநார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு நார்கள் பருக்கத்தான் முடியும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டின் கோழி வகையையும் 2005-இன் வகையையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். ஊசியும் இல்லை, ஹார்மோனும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ததன் பலன். ‘ஹார்மோன் கோழி’ என்று பரப்பும் புரளி இந்த உண்மையான கதையை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

நார் பருக்கும் வேகத்துக்குத் தந்துகிகள் ஈடுகொடுப்பதில்லை. பிராணவாயு குறைந்து சில நார்கள் செத்துப்போகின்றன. பழுதுபார்க்கும் செல்கள் ஓடி வந்தாலும் சேதம் அவற்றை முந்திவிடுகிறது. காலியான இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. செத்த நார் கிடந்த இடத்தில் நிரம்புவதால்தான் கோடு நாரின் திசையிலேயே ஓடுகிறது.

நம் நாட்டுக்கோழி இனமான சிறுவிடையின் தசையையும் வாரவாரியாக ஆராய நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாசகருக்கு: கோடு விழுந்த கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம். கொழுப்பு சற்று அதிகம், புரதம் சற்றுக் குறைவு. மசாலா மட்டும் அதில் அவ்வளவாக இறங்காது. கீறிவிட்டு ஊற வையுங்கள்.