எலிஜிபிலிட்டி: தகுதி சரி, 'தகுதியற்றவர்' தவறு

டெக்சாஸில் டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்த நண்பர் ஒருவர், போன அக்டோபரில் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளியின் நெடுந்தூர ஓட்ட அணியில் இருக்கிறான். பள்ளியிலிருந்து வந்த செய்தியைக் கைப்பேசியே தமிழாக்கியிருந்தது: "உங்கள் மாணவர் தகுதியற்றவர்." நண்பருக்கு முகமே வாடிவிட்டது. "என்னங்க தப்பு பண்ணினான்?" என்றார். பையன் தப்பு எதுவும் பண்ணவில்லை. ஜியோமெட்ரியில் 68 வாங்கியிருந்தான், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் அங்கே இருந்த சொல் 'இன்எலிஜிபிள்'. அதன் வேர் லத்தீன் மொழியின் 'எலிகெரே'. பலவற்றிலிருந்து பொறுக்கி எடுப்பது என்று பொருள். அதாவது எலிஜிபிள் என்றால் 'தேர்ந்தெடுக்கப்படக் கூடியவர்'. எலெக்‌ஷனும் இதே வேரில் வந்ததுதான். அந்த வேருக்குள் இருக்கும் 'லெகெரே' என்ற வினைக்குப் பொறுக்குதல், வாசித்தல் என்று இரண்டு பொருள் உண்டு. நம் 'தேர்' என்ற வினையும் இப்படித்தான்: ஆராய்வதும் அதுவே, தெரிந்தெடுப்பதும் அதுவே. பரீட்சையையும் தேர்வு என்கிறோம், அணிக்கு ஆள் எடுப்பதையும் தேர்வு என்கிறோம்.

சரி, பள்ளியில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது? டெக்சாஸில் 1984-இல் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. ஆளுநர் மார்க் வைட் அமைத்த குழுவுக்குத் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைவர். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை உயிராக நினைக்கும் மாநிலத்தில் 'நோ பாஸ், நோ பிளே' விதி அந்தச் சட்டத்தோடுதான் வந்தது: ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆறு வாரம் போட்டி கிடையாது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பாடத்துக்கு வெளியே உள்ள நடவடிக்கைகளில் பங்கேற்பது அடிப்படை உரிமை அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. பத்தாண்டு கழித்து, 1995-இல், ஆறு வாரத்தை மூன்றாகக் குறைத்தார்கள். இப்போது மதிப்பெண் கணக்கிடும் காலம் முடிந்து ஏழு நாள் கழித்துத் தடை தொடங்கும். மூன்று வாரம் ஆனதும் ஆசிரியர்கள் பார்ப்பார்கள். எல்லாப் பாடத்திலும் 70 இருந்தால், இன்னொரு ஏழு நாள் கழித்துத் தடை விலகும். இடைப்பட்ட நாள்களில் அணியோடு பயிற்சி செய்யலாம். கூடுதல் கடினமான சில பாடங்களுக்கு விதிவிலக்கும் உண்டு.

மதிப்பெண்ணோடு கிரெடிட் கணக்கும் சேரும். முழு ஆண்டுப் பாடம் ஒன்றைத் தேறினால் ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடத்துக்கு அரை. உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு, அதாவது பத்தாம் வகுப்பு, தொடங்கும்போது ஐந்து கிரெடிட்டாவது கையில் இருந்தால்தான் போட்டிக்குப் போகலாம். கிரெடிட்டின் வேர் 'நம்பு' என்பது. கடனுக்கும் அதே சொல் வந்தது அதனால்தான். தமிழில் மதிப்பலகு என்று எழுதலாம். மதிப்பெண் என்று மட்டும் எழுதவே கூடாது: 71 வாங்கியவனுக்கும் 99 வாங்கியவனுக்கும் கிரெடிட் ஒன்றுதான். கிரேடுக்கு வேர், ஏறிப்போகும் 'படி'. வகுப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் அமெரிக்காவில் அந்த ஒரே சொல். இலங்கைத் தமிழர் 'தரம் 10' என்று வகுப்பைச் சொல்வதால், மதிப்பெண்ணுக்கும் 'தரம்' என்று போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது தகுதிக்கு வருவோம். தகு என்ற அடியிலிருந்து தக்க, தகவு, தகாத எல்லாம் வருகின்றன. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் 'தகுதி எனவொன்று நன்றே' என்று தொடங்குகிறது. பகைவர், அயலார், நண்பர் யாராக இருந்தாலும் முறை பிசகாமல் நடக்கும் அறத்தைத்தான் அங்கே தகுதி என்கிறார் வள்ளுவர். இவ்வளவு கனமான சொல்லோடு 'அற்றவர்' சேர்ந்தால் அது ஆளையே எடைபோட்டுத் தள்ளிவிடுகிறது. 'தகுதி நீக்கம்' என்பதும் பொருந்தாது. எம்.எல்.ஏ. பதவி பறிபோகும்போது நாளிதழில் வரும் சொல் அது. குற்றத்தின் வாடை அடிக்கும், நிரந்தரம் என்றும் தோன்றும். இங்கே நடப்பது சில வார நிறுத்தம்.

'விளையாட்டுத் தகுதி' என்றும் சிலர் எழுதுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஓடுகிறவனுக்கு மட்டுமல்ல, பள்ளி பேண்டு வாத்தியத்தில் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கும் இதே விதிதான். அதனால் எலிஜிபிலிட்டிக்குப் 'பங்கேற்புத் தகுதி' என்றும், இன்எலிஜிபிள் ஆவதற்குப் 'பங்கேற்பு நிறுத்தம்' என்றும் எழுதுகிறேன். தகுதி என்ற சொல் விதியின் மேல் நிற்கட்டும், பிள்ளையின் மேல் ஏற வேண்டாம்.

நண்பரின் கைப்பேசியை வாங்கி, அந்தச் செய்தியை அவருக்காகத் திருப்பி எழுதினேன்: "ஜியோமெட்ரியில் 70-க்குக் குறைந்ததால் உங்கள் மகன் மூன்று வாரம் போட்டிகளில் ஓட முடியாது. பயிற்சிக்கு வழக்கம்போல் வரலாம்." படித்துவிட்டு, "அப்போ நாளைக்குக் காலையில் ஷூ போட்டுக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். போகலாம் என்றேன்.